பதினோராவது கட்டம்

எங்கள் மில்லின் டைம் ஆபீஸ் ஜன்னல் தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி உயரத்தில் இருந்தது. தொழிலாளி எதைக் கேட்க வந்தாலும் குனிந்துதான் கேட்க வேண்டும். கொத்தனார் அளவில் தவறிவிட்டார் என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை, மேனேஜர்தான் கூடவே நின்று அந்த உயரத்தில் வைக்கச் சொன்னாராம். "நிமிந்து நிக்கிறவன் நியாயம் பேசுவான். குனிஞ்சவன் விஷயத்த மட்டும் சொல்லுவான்" என்பது அவருடைய நிர்வாகவியல். பதினேழு வருஷம் அந்த ஜன்னலுக்கு உட்புறம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதை உயர்த்தலாம் என்று ஒரு குறிப்புகூட நான் எழுதியதில்லை.

பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் தள்ளி, சோளக்காட்டு நடுவில் இருந்த நூற்பாலை அது. நான் பொருளாதாரம் படித்துவிட்டு, தொழிலாளர் சட்டத்தில் ஒரு டிப்ளமோவும் வாங்கிக்கொண்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஐந்தாறு வருஷத்தில் ஆள் விவகாரம் முழுவதும் என் மேஜைக்கு வந்துவிட்டது. மில்லில் வேலை செய்த அறுநூறு பேரில் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். மேனேஜர் திறந்ததில்லை. யூனியன்காரர்கள் மேடையில் உயர்த்திக் காட்டுவார்கள், திறக்க மாட்டார்கள்.

ஒரு நாளைக்கு நாற்பது பேராவது குனிவார்கள்.

"சார், மாமனாரு செத்துட்டாருங்க. மூணு நாளு லீவு வேணும்."

"உன் மாமனார் போன ஆடியிலயே செத்துட்டாரே. நோட்டுல இருக்கு."

"அது மூத்தவ வூட்டு மாமனாருங்க. இது எளையவ வூட்டு."

"ரெண்டு சம்சாரமா? பி.எஃப். தாளில் ஒருத்தி பேர்தானே கொடுத்திருக்கே?"

அந்த ஆள் நிமிரப் பார்த்து, ஜன்னல் சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டான். லீவு கொடுத்தேன். இரண்டாவது மனைவி விஷயத்தை அவன் கோப்பில் சிவப்பு மையில் குறித்தும் வைத்தேன். இரண்டு வருஷம் கழித்து அவன் வேலைநிறுத்தத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரிந்தபோது மேனேஜர் அந்தச் சிவப்பு வரியை அவனிடம் படித்துக் காட்டினார். அன்று மாலையே கையெழுத்துத் தாள் காணாமல் போயிற்று.

இன்னொருவன் பென்னாகரத்துப் பக்கம். லீவில் போனவன் மஞ்சள் காமாலையில் விழுந்துவிட்டான். மில்லின் விதிகளுக்கு ஸ்டாண்டிங் ஆர்டர் என்று பெயர். சர்க்காரிடம் கொடுத்து ஒப்புதல் வாங்கியவை. லீவு முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பாதவன் தானாகவே வேலையை விட்டவன் என்பது அதில் ஒன்று. அவன் ஒன்பதாவது நாள் வந்தான். கண் இன்னும் மஞ்சளாகவே இருந்தது.

"கண்ணப் பாருங்க சார்."

"டாக்டர் சீட்டு?"

"எங்கூர்ல டாக்டரு ஏதுங்க? பச்சலை அரச்சிக் குடுத்தாங்க."

"பச்சிலைக்கு ரிஜிஸ்டர் நம்பர் இருக்கா?"

பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன். அவன் வீட்டு விலாசத்துக்கு நான் அனுப்பிய பதிவுத் தபால், ஆள் இல்லை என்ற குறிப்போடு திரும்பியிருந்தது. அவன் மாமியார் வீட்டில் படுத்துக் கிடந்திருக்கிறான். தபாலைச் சரியான விலாசத்துக்கு அனுப்பினேனா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. அனுப்பியிருந்தேன். பெயரை அடித்தேன்.

இதையெல்லாம் சொல்லக் காரணம், பின்னால் வரும் விஷயத்தை ஒரு நல்ல மனிதன் ஒரே ஒருமுறை சறுக்கியதாக யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

மில் ஆரம்பித்தபோது பெரிய தலைவலி வயதுதான். வேலைக்கு எடுக்கப் பிறந்த தேதி வேண்டும். ஐம்பத்தைந்தில் வீட்டுக்கு அனுப்பவும் அதே தேதிதான். சுற்றுவட்டாரத்துக் குடியானவர்களிடம் பிறந்த தேதி கேட்டால், "ஏரி ஒடஞ்ச வருசம் நான் தவந்துக்கிட்டு இருந்தனாம்" என்பார்கள். ஏரி எந்த வருஷம் உடைந்தது என்று ஏரிக்கும் தெரியாது. ஆகவே செவ்வாய்க்கிழமைதோறும் தர்மபுரியிலிருந்து ஒரு டாக்டர் வருவார். வரிசையாக வாயைத் திறக்கச் சொல்வார். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது போலப் பார்த்து, "முப்பது" என்பார், "இருபத்தெட்டு" என்பார். நான் எழுதிக்கொள்வேன். டாக்டரின் காரில் கடலைக்காய் மூட்டை ஏற்றியவர்கள் எல்லாரும் இருபத்து மூன்றாக இருந்தார்கள்.

இந்த வாய் திறக்கும் வரிசையில் நிற்காதவர்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவர்கள். அவர்களும் காட்டு வேலை செய்த குடும்பங்கள்தான். ஆனால் பிறந்த எட்டாம் நாள் கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றும்போதே தேதி பதிவாகிவிடும். சாமியாரின் முத்திரையோடு ஒரு சீட்டு கொண்டுவந்து ஜன்னலில் நீட்டுவார்கள். அதில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்படிச் சீட்டு கொண்டுவந்தவர்களில் ஒருவர் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் சேர்ந்தார். ஒல்லியான ஆள். பேச்சு குறைவு. சீட்டுப்படி வயது நாற்பது. பார்த்தால் முப்பத்து நான்குக்கு மேல் மதிக்க முடியாது. டாக்டரிடம் அனுப்பலாமா என்று மேனேஜரைக் கேட்டேன். "சீட்டு இருக்குறப்ப பல்லை எதுக்கய்யா பாக்குறீர்?" என்றார். அதுதான் முறையும்கூட. ஆவணம் இருந்தால் உடம்பு சாட்சியாகாது. எழுதிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அவருடைய அக்கா கழிவுப் பஞ்சு பொறுக்கும் வேலைக்கு வந்தார். அவரிடமும் சாமியார் சீட்டு இருந்தது. வேலையில் சேர்கிறவர்களுக்கு ஒரு விவரத்தாள் உண்டு, பதினான்கு கட்டம். பதினோராவது கட்டம், 'மில்லில் வேலை செய்யும் உறவினர்'. ஒருவன் முரண்டு பிடித்தால் அவனுடைய மைத்துனனைக் கூப்பிட்டு மிரட்டுவதற்காக மேனேஜர் சேர்த்த கட்டம் அது.

"சொந்தக்காரங்க யாராவது மில்லுல இருக்காங்களாம்மா?"

"தம்பி இருக்கறானுங்க. கார்டிங்குல."

'தம்பி, கார்டிங் பிரிவு' என்று எழுதினேன். அவர் பெருவிரலை வைத்துவிட்டுப் போனார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தம்பியின் கோப்பை எடுத்தேன். தம்பி, அக்காவுக்கு இரண்டு வருஷம் முன்னால் பிறந்திருந்தார்.

டைப்பிஸ்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இவங்க வேதத்துல தம்பிதான் மொதல்ல பொறப்பானோ என்னவோ" என்றார் அவர். இருவரும் சிரித்து, டீ குடித்தோம். ஜன்னலுக்கு வெளியே எட்டிக் கூப்பிட்டிருந்தால் அந்த அம்மாள் திரும்பியிருப்பார், இருபது கெஜம்கூடப் போயிருக்க மாட்டார். அந்த வயதில் எனக்கு அது ஒரு வேடிக்கை, அவ்வளவே. இரண்டு கோப்புகளையும் அலமாரியில் வைத்தேன்.

அது வேடிக்கையாக இல்லாமல் போனது நாலைந்து வருஷம் கழித்து. ஸ்பின்னிங்கில் ஒருவன் மேஸ்திரியைக் கெட்ட வார்த்தை சொல்லிக் கை ஓங்கினான் என்று குற்றப்பத்திரிகை கொடுத்தோம். விசாரணை செய்ய சேலத்திலிருந்து ஒரு வக்கீல் வந்தார். நிர்வாகத்தின் சார்பில் நான். குற்றம் சாட்டப்பட்டவன் துணைக்கு ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அவன் கூட்டிவந்தது கார்டிங்காரரை. நான் ஒன்றரை மணி நேரம் பேசினேன். கார்டிங்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பதினேழாந்தேதின்னு எழுதியிருக்கீங்களே சார், அன்னிக்கி மேஸ்திரி வேலைக்கி வந்தாருங்களா?"

"அவர் வராம இவன் எப்படிக் கை ஓங்குவான்?"

"அத்தான் நானும் ரோசிக்கறேனுங்க. அன்னிக்கி அவுரு பென்னாகரத்துல மச்சினன் கல்யாணத்துல இல்ல இருந்தாரு? உங்க நோட்ட ஒருக்கா பாருங்களேன்."

வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். பதினேழாம் தேதிக்கு நேராக மேஸ்திரி லீவு. சம்பவம் நடந்தது பதினெட்டாம் தேதி. தேதியைத் தவறாக எழுதியவன் நான். வக்கீல் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"அப்புறம் என்ன, மூடுங்க."

மேனேஜர் அன்று மாலை, பிரிவுத் தலைவர்கள் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு, "பஞ்சு சிக்கெடுக்கிறவன் நம்ம டிப்ளமோகாரருக்கு ஹாஜர் நோட்டுப் பார்க்கக் கத்துக்கொடுத்துட்டான்" என்றார். சிரித்தவர்களில் டைப்பிஸ்டும் ஒருவர். கார்டிங்காரர் மறுநாள் ஜன்னலைக் கடக்கும்போது வழக்கம்போலக் கும்பிட்டார். கேலி எதுவும் அதில் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதன்பின் இரண்டு காரியம் செய்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் ரேகை வாங்குமுன் எல்லாக் கட்டங்களையும் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், 'படித்துக் காட்டப்பட்டது' என்று எழுத வேண்டும் என்று ஒரு முறையை ஏற்படுத்தினேன். இனி எந்த வக்கீலும் என் தாளில் ஓட்டை கண்டுபிடிக்கக் கூடாது. இரண்டாவது, ஸ்டாண்டிங் ஆர்டரில் ஒரு திருத்தம். தொழிலாளி தானே கொடுத்த ஆவணத்தின்படி எழுதிய பிறந்த தேதியை மாற்றக் கோரினால், எழுதிய ஐந்து வருஷத்துக்குள் கோர வேண்டும். அதற்குப் பின் நிர்வாகம் தன்னிடம் உள்ள ஆவணத்தில் பிழை இருப்பதாகக் கண்டால் மட்டுமே மாற்றலாம். கடைசிக் காலத்தில் வயதைக் குறைத்துக்கொண்டு வருகிறவர்களைத் தடுக்க, நியாயமான திருத்தம். யூனியனும் எதிர்க்கவில்லை. அதை எழுதும்போது என் மனதில் ஒரு முகமும் இருந்தது. அவர் சேர்ந்து அப்போது ஐந்து வருஷமும் சில வாரங்களும் ஆகியிருந்தன.

எழுபதுகளின் நடுவில், எமர்ஜென்சியால் யூனியன் கொடிக்கம்பம் வெறும் கம்பமாக நின்ற வருஷம், கார்டிங்காரருக்கு ஆறு மாத முன்னறிவிப்பு அனுப்பினேன். ஐம்பத்தைந்து பூர்த்தி. நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்தார். தலையில் நரை எங்கோ ஒன்றிரண்டுதான் இருந்தது.

"சார், எனக்கு அம்பத்தஞ்சுங்களா?"

"நீ கொடுத்த சீட்டுதான்."

"எங்கக்காளுக்கே அம்பத்தஞ்சு ஆவலிங்களே."

"அக்கா கணக்கு அக்காவுக்கு. உன் கணக்கு உனக்கு."

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை விஷயம் முழுவதும் தெரிந்துகொண்டு வந்திருந்தார். அவர்கள் குடும்பத்தில் முதல் பையனுக்கு ஒரு புனிதரின் பெயரை நேர்ந்துகொண்டு வைத்திருக்கிறார்கள். பையன் மூன்று வயதில் அம்மை போட்டு இறந்துவிட்டான். புனிதருக்குக் கொடுத்த பெயர் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அடுத்து ஆண் பிறந்தால் அதே பெயரைத்தான் வைப்பார்கள். இடையில் பெண் பிறந்தாள். அதற்கு நாலு வருஷம் கழித்து இவர் பிறந்தார். பெயர் அதேதான், தகப்பன் பெயர், தாய் பெயர் எல்லாம் அதேதான். மில்லில் சேரச் சீட்டு கேட்டபோது கோயில் உபதேசியார் பழைய புத்தகத்தைப் புரட்டி, முதலில் கண்ணில் பட்ட பெயரைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். இவர் பதினைந்து வருஷமாக இறந்துபோன அண்ணனின் வயதில் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார்.

"ஆறு வருசம் சார். எனக்கு இன்னும் ஆறு வருசம் சர்வீசு இருக்குதுங்க. மில்லு வேலை இருக்குதேன்னு பங்குக்கு வந்த மேட்டுக்காட்டச் சின்ன தம்பிக்கே எழுதிக் குடுத்துட்டேன். அதுல கால வெக்க முடியாதுங்க. நான் எங்க போவேன்?"

இரண்டு ஞானஸ்நானச் சீட்டுகளை நீட்டினார், இரண்டிலும் ஒரே பெயர், தேதி மட்டும் ஆறு வருஷ வித்தியாசம்.

"அண்ணன் செத்ததுக்குச் சீட்டு?"

"சாவு எழுதற புஸ்தகத்தக் கறையான் தின்னுடுச்சின்னு சாமியாரு சொல்றாருங்க."

"அப்படின்னா செத்தது மூத்தவன்தான்னு எப்படித் தெரியும்? சின்னவன் செத்து, மூத்தவன் நீயா இருக்கலாமே?"

அவர் என்னையே பார்த்தார். "நான் நாந்தானுங்களே சார்" என்றார்.

பதில் என்னிடம் இருந்தது, எனக்குப் பின்னால், இரண்டு எட்டில் எட்டக்கூடிய அலமாரியில். அவர் மூத்தவனாக இருந்தால் அந்த அம்மாளுக்கு அண்ணன். இளையவனாக இருந்தால்தான் தம்பி. அக்கா சேர்ந்த நாளில், இந்தத் தகராறை யாரும் கனவுகூடக் காணாத காலத்தில், என் கையாலேயே 'தம்பி' என்று எழுதியிருக்கிறேன். சச்சரவு தோன்றுவதற்கு முன் எழுதப்பட்ட தாளுக்குச் சட்டத்தில் எவ்வளவு மதிப்பு என்று அந்த ஜில்லாவிலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் நாலு பேர் இருந்தால் அதிகம். என் திருத்தத்திலேயே வழியும் இருந்தது, நிர்வாகம் தன் ஆவணத்தில் பிழை கண்டால் மாற்றலாம். அரைப் பக்கக் குறிப்பு போதும். மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பார்.

"காலக்கெடு முடிந்துவிட்டபடியால் பரிசீலிக்க இயலாது" என்று டைப் அடித்துக் கொடுத்தேன். பத்து வருஷமாக ஒரு ஹாஜர் நோட்டு என் கண்முன் திறந்தபடியே இருந்தது. இப்போது என் முறை.

அவர் விடவில்லை. யூனியன் இல்லாமல், வக்கீல் இல்லாமல், தர்மபுரியில் லேபர் ஆபீசரிடம் மனு கொடுத்தார். சமரசப் பேச்சுக்கு நாள் குறித்தார்கள். நான் மில் ஜீப்பில் போனேன். அக்காவும் தம்பியும் பஸ்ஸில் வந்து, எனக்கு முன்பே வராந்தாவில் நின்றிருந்தார்கள். அந்த அம்மாள் கோயிலுக்குப் போவதுபோல வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். என்னைப் பார்த்ததும், "சாரும் வந்துட்டாருடா" என்று தம்பியிடம் சொன்னார். எனக்குப் புரிந்தவரை, அதில் இருந்தது ஆறுதல்தான். எல்லாம் தெரிந்த ஆள் வந்துவிட்டார் என்ற ஆறுதல்.

லேபர் ஆபீசர் களைத்துப்போன, கெட்டவர் என்று சொல்ல முடியாத மனிதர். இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"இவனுக்கு அக்காளுங்க. என் இடுப்புல வெச்சி வளத்த புள்ளைங்க இவன். இவன் எப்பிடிங்க எனக்கு மூத்தவனாவான்? மூத்தவன தூக்கி இடுப்புல வெக்க முடியுங்களா?"

ஆபீசர் சிரித்துவிட்டார். பிறகு, "நீங்க சொல்றது நெசமாவே இருக்கலாம்மா. ஆனா கூடப்பொறந்தவங்க வாய்ச்சொல்ல வெச்சி நான் ஒன்னும் செய்ய முடியாது. எழுத்துல ஏதாவது வேணும்" என்றார். என் பக்கம் திரும்பினார். "மில்லுல ஏதாவது ரிகார்டு இருக்கா சார்? இவர் பழைய பேப்பர் ஏதாவது?"

"இவருடைய கோப்பில் இவர் கொடுத்த சீட்டைத் தவிர வயது பற்றி வேறு எந்த ஆவணமும் இல்லை" என்றேன்.

பொய் சொல்லவில்லை. அவருடைய கோப்பில் இல்லைதான். தேர்ந்தெடுத்த சொற்கள். ஜீப்பில் வரும்போதே இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, சத்தியப் பிரமாணம் செய்து கேட்டாலும் தாங்கக்கூடிய வாக்கியமாக அமைத்து வைத்திருந்தேன். அந்த அம்மாள் நான் சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது போல. சமரசம் ஏற்படவில்லை என்று எழுதி ஆபீசர் கோப்பை மூடினார். வெளியே வரும்போது கார்டிங்காரர் ஜீப்பின் கதவை எனக்காகத் திறந்து பிடித்தார். பழக்கம்.

கடைசி நாளன்று மில்லின் சம்பிரதாயப்படி ஒரு மாலை, ஒரு வேட்டி, மேனேஜரின் இரண்டு நிமிடப் பேச்சு. 'நடத்தை: நன்று' என்று நான் எழுதிய சான்றிதழை வாங்கிக்கொண்டார். மாலையைக் கழற்றி கார்டிங் மெஷின் மேல் போட்டுவிட்டு, பஞ்சு மாட்டிக்கொள்ளும் என்று நினைத்தோ என்னவோ, திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் நான் சேலம் ரயிலுக்காக பொம்மிடி ஸ்டேஷனில் நின்றிருந்தபோது, சரக்கு ஷெட்டில் புளி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். பஞ்சைச் சிக்கெடுக்க வயதாகிவிட்ட மனிதர், முதுகில் ஒரு மூட்டையோடு பலகை ஏறிப் போனார். என்னைப் பார்த்தார். மூட்டை இருந்ததால் கும்பிட முடியவில்லை. தலையை மட்டும் தாழ்த்தினார்.

இரண்டு வருஷம் கழித்து அக்காவின் முறை வந்தது. அவருடைய தேதியில் தவறு எதுவும் இல்லை. சரியாக ஐம்பத்தைந்து. தம்பி வயதாகிப்போய் வெளியேறிய அதே மில்லில், அவருக்கு நாலு வருஷம் மூத்தவர் இரண்டு வருஷம் கூடுதலாக வேலை பார்த்து முடித்திருந்தார். கணக்கு முடிக்குமுன் விவரத்தாளை மறுபடி படித்துக் காட்டி ரேகை வாங்க வேண்டும். நானே ஏற்படுத்திய முறை. உதவி குமாஸ்தாவை விட்டுப் படிக்கச் சொல்லியிருக்கலாம். அவன் அன்று லீவு.

அவர் குனிய முடியாமல், ஜன்னலுக்கு வெளியே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முகம் சரியாக ஜன்னல் மட்டத்துக்கு வந்தது. பெயர், தகப்பன் பெயர், ஊர், மதம் என்று வேகமாகப் படித்தேன். பத்தாவது கட்டத்தை முடித்துப் பன்னிரண்டாவதற்குப் போனேன்.

"சார், ஒன்ன வுட்டுட்டீங்க."

"எதை?"

"சேந்தப்போ ஒன்னு கேட்டீங்களே. சொந்தக்காரங்க மில்லுல இருக்காங்களான்னு."

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஞாபகம்தான் நோட்டு என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் ரேகை வைக்க நாலு பேர் வரிசையில் நின்றார்கள். எனக்குப் பக்கத்தில் டைப்பிஸ்ட் கை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாக் கட்டத்தையும் படிக்க வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்தது, என் கையெழுத்தோடு.

"பதினோராவது. மில்லில் வேலை செய்யும் உறவினர். தம்பி, கார்டிங் பிரிவு."

அவர் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"இது அன்னிக்கே எழுதுனதுங்களா?"

"ஆமாம்."

"தர்மபுரிக்கு நாம போனப்போ இந்தத் தாளு எங்க இருந்துச்சிங்க?"

"இங்கேதான்."

"இந்த பீரோவுலிங்களா?"

"ஆமாம்."

வரிசையில் நின்றவர்களில் ஒருவன், "என்னாக்கா, சீக்கிரம் வையேன்" என்றான். "இருடா, சாரு எழுத்தப் பாத்துக்கிட்டு இருக்கறன்" என்றார் அவர். தாளைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். திருப்பினேன். எது தலை எது கால் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் வெகு நேரம் பார்த்தார்.

"தம்பிங்கறது எதுங்க?"

விரல் வைத்துக் காட்டினேன். மூன்றே எழுத்து. அவர் அதைத் தொடவில்லை.

"எழுத்து நல்லா இருக்குதுங்க" என்றார். பெருவிரலை மையில் வைத்து, தாளின் அடியில் அழுத்தமாக, கொஞ்சமும் தீற்றாமல், பதித்தார். விரல் துடைக்க நான் நீட்டிய துணியை வாங்காமல் எழுந்தார்.

அன்று மாலையே அவர் தம்பி வந்து மில் கேட்டில் சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். மறு வாரமும் காத்திருந்தேன். வாட்ச்மேனிடம்கூடச் சொல்லி வைத்தேன். யாரும் வரவில்லை. சில மாதம் கழித்து பொம்மிடியில் ரயில் ஏறும்போது சரக்கு ஷெட்டைப் பார்த்தேன். அவர் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். முன்போலவே தலையைத் தாழ்த்தினார். அக்கா அவரிடம் சொல்லவே இல்லை என்று அப்போது தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்பதற்கு நான் படித்த எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது. அவர் இழந்த அந்த ஆறு வருஷ சர்வீசும் முடிகிற வரையில் நான் சேலத்துக்கு பஸ்ஸில்தான் போனேன்.